கடுக்காய்ப் புள்ளி

காலை பத்து நாற்பதுக்கு ஆய்வுக்கூடத்துத் தொலைபேசி ஒலித்தது. கொதிநீர்த் தொட்டியில் பன்னிரண்டு சோதனைக் குழாய்களை இறக்கியிருந்தேன். இன்னும் ஆறு நிமிடம் கொதிக்க வேண்டும். ஆம்பூரிலிருந்து, என்னோடு வேலை செய்யும் மஹ்பூபியின் தம்பி நிசார் அஹமது பேசினார்.

"பூரணி மேடமா? அக்கா மவுத்தாய்ட்டாங்க மேடம். விடியக்கால சுபுஹு தொழுதுட்டு அப்படியே செவுத்துல சாஞ்சாங்க. தூங்குறாங்கன்னு நெனச்சோம்."

நிசாரின் மகள் தில்ஷாத்துக்கு மறுநாள் வெள்ளிக்கிழமை நிக்காஹ். அதற்காகத்தான் மஹ்பூபி மூன்று நாள் விடுப்பில் போயிருந்தாள். முந்தின நாள் மாலை முழுக்கத் தில்ஷாத்தின் இரண்டு கைகளுக்கும் அவளே மருதாணி வைத்தாளாம். வீட்டில் வேறு யாரையும் தொட விடவில்லையாம். "உங்க கை நடுங்கும், எனக்கு இருவது வருசமா புள்ளி வெச்சு பழக்கம்" என்றாளாம்.

திரும்பி வந்தபோது குழாய்கள் பன்னிரண்டும் நேரம் கடந்து கொதித்திருந்தன. கொட்டிவிட்டேன். இந்த 1988 பிப்ரவரியில் எங்கள் கூடத்தில் வீணான மாதிரிகள் அவை மட்டும்தான். மஹ்பூபி இருக்கும்போது இப்படி நடந்ததில்லை.

அவளுக்கு நாற்பத்தாறு வயது. எனக்கும் அதேதான். வேலூரில் ஒரு மார்புநோய் மருத்துவமனையின் பின்பக்கத்து இரண்டு அறைகளில் பதினைந்து ஆண்டுகள் சேர்ந்து வேலை செய்தோம். நோயாளிகளின் சளியில் கிருமி இருக்கிறதா என்று தேடுவது பக்கத்து அறைக்காரர்களின் வேலை. எங்கள் வேலை அதைவிடச் சிறியது. சளியிலும், நுரையீரலைக் கழுவி எடுக்கும் நீரிலும் சர்க்கரை, யூரியா, லாக்டிக் அமிலம் போன்ற சின்னச் சின்ன மூலக்கூறுகள் எவ்வளவு இருக்கின்றன என்று அளந்து சொல்ல வேண்டும். இதை யாரிடம் விளக்கினாலும் முகம் சுளிப்பார்கள். மஹ்பூபி மட்டும் தன் தெருவுக்கே விளக்கி வைத்திருந்தாள். "பக்கத்து ரூம்ல பூச்சியத் தேடுறாங்க. பூச்சி தின்னது போக மிச்சம் இன்னா கீதுன்னு நாங்க எண்றோம்."

எட்டாவது வரை ஆம்பூரில் உருது பள்ளிக்கூடத்தில் படித்தவள். பதினேழில் கல்யாணம், பத்தொன்பதில் கணவர் டைபாய்டில் இறந்தார். சித்தி வீட்டோடு வேலூருக்கு வந்து, 1965இல் எங்கள் கூடத்தில் பாட்டில் கழுவும் வேலையில் சேர்ந்தாள். நான் தாமதமாக எம்.எஸ்ஸி. முடித்துவிட்டு 1973இல் வந்து சேர்ந்தபோது, பாட்டில் கழுவுகிற அந்தப் பெண்தான் அங்கே எல்லாவற்றையும் செய்துகொண்டிருந்தாள். முன்பு இருந்த டெக்னீஷியன் வளைகுடாவுக்குப் போய்விட்டிருந்தார். அவர் கையைப் பார்த்துப் பார்த்துக் கற்றவை அவ்வளவும் அவளிடம் இருந்தன. ஆங்கிலம் மட்டும் லேபிளில் இருக்கிற அளவுக்குத்தான் தெரியும்.

அந்தக் காலத்தில் மருந்துக் கரைசல்களை வாயால் உறிஞ்சித்தான் பிப்பெட்டில் ஏற்றுவோம். அவள் வாய் மூடியிருந்தால் பிப்பெட் வாயில் இருக்கிறது என்று அர்த்தம். மற்ற நேரமெல்லாம் பேச்சுதான்.

அவளுக்கு ஒரே ஒரு ஆசை இருந்தது. அதைச் சொல்லும்போது மட்டும் அவள் சிரிக்கமாட்டாள். மருத்துவமனையின் ஆண்டறிக்கையில் ஒவ்வொரு துறைக்கும் ஒரு பக்கம் உண்டு. எங்கள் பக்கத்தில் துறைத் தலைவர் டாக்டர் பரந்தாமன் பெயர் இருக்கும், என் பெயர் இருக்கும், கடைசியில் 'ஆய்வக உதவியாளர் ஒருவர்' என்று இருக்கும். நான் சேர்ந்த வருடத்து அறிக்கையைக் கையில் வைத்துக்கொண்டு அவள் கேட்டாள்.

"பூரணிம்மா, இந்த ஒருவர் யாரு?"

"நீங்கதான்."

"எப்படித் தெரியும்? நாளைக்கு வேற ஆள் வந்து நான்தான் அந்த ஒருவர்னா இன்னா செய்வீங்க?"

அந்த வரியின் அடியில் பென்சிலால் ஒரு கோடு போட்டு வைத்துக்கொண்டாள். அச்சில் தன் பெயர் ஒரு முறை வர வேண்டும். அவள் கேட்டது அவ்வளவுதான்.

அந்த வாய்ப்பு 1978இல் வந்தது.

ஆம்பூர்ப் பக்கம் தோல் பதனிடும் தொழிற்சாலைகளில் வேலை செய்கிறவர்களுக்கு இருமல் ஜாஸ்தி என்பது எல்லோருக்கும் தெரியும். அந்த இருமலோடு வருகிற சளியில் ஏதாவது தனியாக இருக்கிறதா என்று பார்க்க டாக்டர் பரந்தாமன் ஓர் ஆய்வு தொடங்கினார். செவ்வாய்க்கிழமைகளில் மருத்துவமனை வேனில் ஒரு பெட்டி பாட்டில்களோடு மஹ்பூபியும் போவாள். ஆட்களை வரிசையாக நிறுத்திப் பாட்டில் கொடுத்துப் பாடம் நடத்துவாள். நானும் இரண்டு முறை போயிருக்கிறேன்.

"காலையில எழுந்ததும் வாய நல்லா கொப்பளிக்கணும். காப்பி வேணாம், பீடி வேணாம். பாக்கு, புகையில எதையும் மெல்லக் கூடாது. ஆழமா இருமி வர்றத மட்டும் இதுல புடிக்கணும். எச்சியத் துப்பிட்டு சளின்னு சொன்னா எனக்குத் தெரிஞ்சிடும்."

சுண்ணாம்புத் தொட்டியில் வேலை பார்க்கும் வீரபாகு முன்வரிசையில் நிற்பான். "எச்சி இன்னாக்கா, சளி இன்னாக்கா? எல்லாம் என் வாயிலருந்துதானே வருது."

"உன் வாயிலருந்து வர்றதெல்லாம் எச்சிதான்பா. நெஞ்சுலருந்து ஒண்ணாவது குடு."

வரிசை முழுக்கச் சிரித்தது. மறுநாள் வீரபாகுவின் பாட்டில்தான் மிகச் சரியாக வந்தது.

அதற்குப் பிறகு எங்கள் அறையில் வேலை. சளியில் அமிலம் சேர்த்து, ஈதரில் குலுக்கி, ஈதரை ஆவியாக்கினால் அடியில் ஒரு சொட்டு மிஞ்சும். அதை மெல்லிய கண்ணாடிக் குழலால் தொட்டு, அகலமான வடிதாளின் அடிப்பக்கத்தில் ஒரு புள்ளியாக வைக்க வேண்டும். ஒரு தாளில் எட்டுப் பேருக்கு எட்டுப் புள்ளி. தாளின் அடி ஓரத்தைக் காடி நெடி அடிக்கும் ஒரு கரைசலில் நிறுத்தினால், கரைசல் தாளில் ஏறும்போது புள்ளியில் இருக்கிற பொருள்களையும் இழுத்துக்கொண்டு போகும். ஒவ்வொரு பொருளும் தனக்குரிய உயரத்தில் நின்றுவிடும். காயவைத்து இரும்பு உப்புக் கரைசல் தெளித்தால் நின்ற இடங்கள் நிறத்தோடு தெரியும். வைக்கிற புள்ளி பெரிதாக இருந்தால் எல்லாம் இழுபட்டு அழுக்காகிவிடும். மஹ்பூபி வைக்கும் புள்ளி கடுகளவுதான் இருக்கும். நான் வைத்தால் மிளகளவு. "மேடம் பொட்டு வெச்சிருக்காங்க" என்பாள்.

முதல் தாளைத் தெளித்த அன்று அவள் கூப்பிட்டாள். "பூரணிம்மா, கொஞ்சம் வாங்க. ஆறு பேருக்கு ஒரே எடத்துல மச்சம்."

கருநீலமாக, தாளில் முக்கால் உயரத்துக்குச் சற்றுக் கீழே, எட்டில் ஆறு பேருக்கு அந்தப் புள்ளி இருந்தது. நாங்கள் தேடியது வேறு. இதை யாரும் எதிர்பார்க்கவில்லை. பாக்குக் கறை எங்களுக்குப் பழக்கம். அதன் நிறமும் வேறு, நிற்கிற இடமும் வேறு. எங்களிடம் மாதிரிக்கு வைத்திருந்த இருபது பொருள்களில் எதுவும் அந்த உயரத்தில் நிற்கவில்லை.

எட்டு மாதத்தில் தோல் தொழிலாளர் நாற்பத்திரண்டு பேரைச் சோதித்தோம். இருபத்தொன்பது பேருக்குப் புள்ளி. ஒப்பிட்டுப் பார்க்க, பஞ்சுத் தூசியில் இருமுகிறவர்களாகக் குடியாத்தத்தில் தறி நெய்கிற முப்பது பேரிடம் சளி வாங்கினோம். ஒருவருக்கும் இல்லை. டாக்டர் பரந்தாமனுக்குக் கால் தரையில் நிற்கவில்லை. சுண்ணாம்பும் தோல் தூசியும் மூச்சோடு உள்ளே போக, நுரையீரலே அதை எதிர்த்து உண்டாக்குகிற புதுப் பொருள் இது என்றார். டெல்லியில் நடக்கவிருந்த மாநாட்டுக்குக் கட்டுரை தட்டச்சானது. தலைப்புக்குக் கீழே மூன்று பெயர்கள். பரந்தாமன், பூரணி, மஹ்பூபி.

புள்ளியை முதலில் பார்த்தவள் அவள்தான் என்று நான் சொல்ல வேண்டியிருக்கவில்லை. டாக்டரே சேர்த்திருந்தார். மஹ்பூபி அந்தத் தாளைக் கையில் வாங்கி நெடுநேரம் ஒன்றும் பேசவில்லை. வாயில் பிப்பெட் இல்லை. பிறகு, "சார், இதுல ஒரு கார்பன் காப்பி கெடைக்குமா? அப்பாஜானுக்குக் காட்டணும்" என்றாள்.

மாநாட்டுக்கு மூன்று வாரம் இருக்கும்போது அவளுடைய அப்பா ரஷீத் அஹமது என்னைச் சாப்பிடக் கூப்பிட்டார். ஞாயிற்றுக்கிழமை இருவரும் காட்பாடியில் ரயில் ஏறி ஆம்பூர் போனோம். ரஷீத் அஹமது நாற்பது ஆண்டுகள் தோல் ஷாப்பில், தோலைப் பதப்படுத்தும் கடுக்காய்த் தொட்டியில் வேலை செய்தவர். தொட்டி வேலையை விட்டு ஆறு வருடம் ஆகியிருந்தது. இருமல் கிடையாது, எழுபது வயதில் மாடிப்படி ஏறினாலும் மூச்சு வாங்காது. கார்பன் காப்பியை ஒரு பிளாஸ்டிக் உறையில் போட்டு வைத்திருந்தார். மருந்துக்கடைக்காரரை விட்டுப் படிக்கச் சொல்லி, எந்த இடத்தில் மகள் பெயர் இருக்கிறது என்று கற்றுக்கொண்டிருந்தார். என்னிடமும் விரலால் காட்டினார்.

"இது நீங்க. இது அவ. டாக்டருக்கு ரெண்டு பேரு கீழ, பாருங்க. தெருவுல ஒருத்தன் பாக்கி இல்ல, எல்லாருக்கும் காட்டிட்டேன்."

"அந்த ஒருவர் யாருன்னு ஊருக்கே தெரிஞ்சிடுச்சு" என்று நான் சொன்னதும் மஹ்பூபி சிரித்துவிட்டாள்.

தரையில் தஸ்தர்கான் என்ற சாப்பாட்டு விரிப்பை விரித்து உட்கார்ந்தோம். தட்டில் சோறு விழுந்ததும் ரஷீத் அஹமது கன்னத்துக்குள் விரலை விட்டு எதையோ எடுத்துத் தண்ணீர்ச் சொம்பின் மூடிமேல் வைத்தார். பாதி கரைந்து பழுப்பேறிய ஒரு கடுக்காய்த் துண்டு. சாப்பிட்டுக் கை கழுவியதும் அதை எடுத்து மறுபடி கன்னத்தில் ஒதுக்கிக்கொண்டார். மூக்குக் கண்ணாடியைக் கழற்றி வைத்து மாட்டிக்கொள்வது போலத்தான் இருந்தது; யாரும் கவனிக்கவில்லை. மஹ்பூபியும் பிறந்ததிலிருந்து பார்த்திருக்கிற காட்சிதான். ஆனால் அன்று அவள் கை சோற்றிலேயே நின்றுவிட்டது.

"அப்பாஜான், ஷாப்புல எல்லாருமே இத வெப்பாங்களா?"

"தொண்டை எரிச்சலுக்குதான்மா. தொட்டியில கிடக்குறத ஒண்ணு எடுத்து ஒதுக்கிக்கிறது. ராத்திரி வெச்சா காலையில வரைக்கும் இருக்கும்."

"மெல்லுவீங்களா?"

"கடுக்காய யாராவது மெல்லுவாங்களா? பல்லு போய்டும். அது பாட்டுக்கு கிடக்கும்."

அவள் எழுந்து கைகழுவிக்கொண்டு போய்த் தன் பையிலிருந்து ஒரு மாதிரி பாட்டிலை எடுத்துவந்தாள். எங்கே போனாலும் இரண்டு பாட்டில் பையில் இருக்கும். "ஒரு தரம் ஆழமா இருமி இதுல குடுங்க."

"விருந்தாளி உக்காந்திருக்காங்க, இன்னாம்மா இது. எனக்குத்தான் இருமல் இல்லியே."

"அதனாலதான் கேக்குறேன்."

அவர் என்னைப் பார்த்து வெட்கப்பட்டுக்கொண்டே முற்றத்துப் பக்கம் போய் இருமிக் கொடுத்தார். போகும்போது அவருடைய டப்பாவிலிருந்து மூன்று கடுக்காயையும் மஹ்பூபி எடுத்துக்கொண்டாள். ரயிலில் காட்பாடி வரை அவள் அவற்றை உள்ளங்கையில் உருட்டிக்கொண்டே வந்தாள். எதற்கென்று நான் கேட்கவில்லை. எனக்குப் புரிந்திருந்தது. புரியவில்லை என்று இருக்கவே விரும்பினேன்.

செவ்வாய்க்கிழமை காலை, இன்னும் ஈரம் காயாத தாளோடு என் மேசைக்கு வந்தாள். நான்கு புள்ளி வைத்திருந்தாள். முதலாவது, கடுக்காய் வைப்பதற்கு முன் அவளுடைய சளி. இரண்டாவது, ஒரு ராத்திரி கன்னத்தில் கடுக்காய் ஒதுக்கித் தூங்கிய பிறகு, வாயை நன்றாகக் கொப்பளித்துவிட்டு எடுத்த சளி. மூன்றாவது அப்பாவுடையது. நான்காவது கடுக்காயை வெந்நீரில் ஊறவைத்த தண்ணீர். முதல் இடம் வெறுமையாக இருந்தது. மற்ற மூன்றிலும் கருநீலப் புள்ளி, ஒரே உயரத்தில், நூல் பிடித்த மாதிரி.

"நுரையீரலுக்கும் இதுக்கும் ஒரு சம்பந்தமும் இல்ல பூரணிம்மா. கன்னத்துல கிடந்தது."

நான் அன்று பேசியதை மறைக்க விரும்பவில்லை. "அவசரப்படாதீங்க. அந்த இருபத்தொன்பது பேரும் கடுக்காய் வைக்கிறவங்களான்னு தெரியாதே. மாநாடு முடியட்டும், பொறுமையா விசாரிச்சுக்கலாம்" என்றேன். அவளுக்காகத்தான் சொன்னேன் என்று என்னையே நம்பவைத்துக்கொண்டேன்.

அவள் தாளை என் மேசையிலிருந்து எடுத்துக்கொண்டாள். "விசாரிக்கலாம். அதுக்கு முன்னால டாக்டர்கிட்ட சொல்லணும். என் பேரு கடுக்காய்க்கு மேல வேணாம்."

டாக்டர் பரந்தாமன் தாளைப் பார்த்தார். அவளைப் பார்த்தார். மிச்சமிருந்த கடுக்காயைக் கேட்டு வாங்கித் தன் வாயில் போட்டார். அரை நிமிடத்தில் முகம் கோணிற்று, துப்பவும் இல்லை.

"அவங்களை நீங்க என்னன்னு கேட்டீங்க?"

"எதையாவது மென்னீங்களான்னு கேட்டேன் சார். இல்லன்னாங்க. அவங்க பொய் சொல்லல. நான்தான் சரியா கேக்கல."

"தோல்காரர் வீட்டுப் பெண்தானே நீங்க?"

"அதனாலதான் சார் கேக்கத் தோணல. எங்க வீட்டுல அது திங்கிற பொருளும் இல்ல, மருந்தும் இல்ல. பல்லு மாதிரி வாயிலயே இருக்குறது."

இரண்டு நாள் அவர் எங்கள் அறைப்பக்கம் வரவில்லை. மூன்றாம் நாள் டெல்லிக்குத் தந்தி போனது, கட்டுரை வரவில்லை என்று. அடுத்த செவ்வாய் மூவரும் வேனில் ஏறித் தொழிற்சாலைக்குப் போனோம். மஹ்பூபி வழக்கமான இடத்தில் நின்றாள்.

"கன்னத்துல கடுக்கா வெக்கிறவங்கல்லாம் கையத் தூக்குங்க."

முப்பத்தோரு கைகள் உயர்ந்தன. புள்ளி வந்தது இருபத்தொன்பது பேருக்கு. மிச்ச இரண்டு கைகள் யாருடையவை என்று பார்த்தால், அவர்கள் எங்களுக்குச் சந்தோஷமாக இருக்கட்டும் என்று தூக்கியவர்கள்.

வீரபாகு முன்னால் வந்தான். "இத மொதல்லயே கேட்டிருந்தா சொல்லியிருப்பேனேக்கா."

"கேக்கத் தெரியலப்பா."

"அப்போ எட்டு மாசமா எங்க சளியப் படிக்கல. எங்க கடுக்காயப் படிச்சிருக்கீங்க." டாக்டர் பக்கம் திரும்பினான். "பாஸாச்சா சார், எங்க கடுக்கா?"

டாக்டர் பரந்தாமன் சிரிக்கத் தொடங்கினார். டையைத் தளர்த்திவிட்டு, வேனின் கதவைப் பிடித்துக்கொண்டு, கண்ணில் நீர் வரச் சிரித்தார். அவரை அப்படி நாங்கள் பார்த்ததே இல்லை. "முதல் வகுப்புல பாஸ்" என்றார். பிறகு முதலாளி அறையிலிருந்து எட்டிப் பார்க்கும் அளவுக்கு அந்த இடமே சிரித்தது. அவமானம் என்று நான் ஒரு வாரமாக நினைத்துக்கொண்டிருந்தது அங்கே கரைந்துபோயிற்று.

திரும்பும் வழியில் ஆம்பூரில் வேனை நிறுத்தச் சொல்லி, மஹ்பூபி அப்பாவிடம் விஷயத்தைச் சொன்னாள். ரஷீத் அஹமது பிளாஸ்டிக் உறையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டார்.

"அப்போ என் வாயிதான் உன் பேர அழிச்சிடுச்சா?"

"இல்ல அப்பாஜான். டெல்லிக்குப் போயி நூறு டாக்டருங்க முன்னால கடுக்காயப் பத்திப் பேச இருந்தோம். உங்க வாயிதான் எங்க மானத்தக் காப்பாத்துச்சு."

அவர் யோசித்தார். "அப்போ தெருக்காரங்களுக்கு இன்னா சொல்றது?"

"டாக்டர் என்னைக் கேக்காம எங்கயும் போறதில்லன்னு சொல்லுங்க."

வேனில் ஏறியதும் என் தோளில் தட்டி, "நகுந்து உக்காரு பூரணி" என்றாள். அதுவரை அவளுக்கு நான் 'பூரணிம்மா, வாங்க, போங்க'. அன்றிலிருந்து இருவருக்குமே வா, போ தான். எதற்காக மாறியது என்று அவளும் சொல்லவில்லை. மாநாடு முடியட்டும் என்று சொன்ன என்னை அவள் அந்த ஒரு தட்டில் விட்டுவிட்டாள் என்று நான் எடுத்துக்கொண்டேன்.

சளி வாங்கும்போது நிரப்புகிற படிவத்தில் அவள் சொல்லி ஒரு வரி சேர்ந்தது. 'மெல்லாவிட்டாலும், வாயில் ஏதாவது வைத்திருந்தீர்களா?' இன்றும் அந்தப் படிவம்தான். அதற்குப் பதிலாக வந்தவற்றைத் தனி நோட்டில் எழுதி வைத்து எனக்கு வாசித்துக் காட்டுவாள். லவங்கம், கற்கண்டு, தாலிக்கயிற்று முனை, தையற்காரர் ஒருவருக்குப் பித்தளைப் பொத்தான். அணைக்கட்டுப் பக்கத்திலிருந்து வந்த ஒரு பெரியவர், 'என் சம்சாரம் பேரு' என்று எழுதச் சொன்னாராம். "அதுக்கு எந்த உயரத்துல புள்ளி வரும் பூரணி?" என்று ஒரு வாரம் கேட்டுக்கொண்டிருந்தாள்.

1980இல் அவளுக்கு டெக்னீஷியன் வேலை உறுதியானது. கூடவே செண்பகம் என்ற பெண்ணும் சேர்ந்தாள். அந்த வருடத்து ஆண்டறிக்கை வந்ததும் நேராகக் கடைசி வரியைப் பார்த்தாள். 'ஆய்வகத் தொழில்நுட்பர்கள் இருவர்.' "பாத்தியா, ரெட்டிப்பாய்ட்டேன்" என்றாள். ஆனால் அந்த வரியின் அடியிலும் பென்சில் கோடு போட்டாள்.

சத்துவாச்சாரியில் ஒரு சின்ன மனை வாங்கிச் சித்திக்கும் தனக்குமாக இரண்டு அறை கட்டினாள். கிரிக்கெட் வர்ணனை கேட்பதற்காக டிரான்சிஸ்டரை ஆய்வுக்கூடத்துக்குக் கொண்டுவந்து, விக்கெட் விழுந்தால் கையில் இருக்கும் குழாயைத் தாங்கியில் வைத்துவிட்டுத்தான் கை தட்டுவாள். பத்து வருடத்தில் அவள் உடைத்த கண்ணாடி மூன்று. நான் உடைத்ததற்குக் கணக்கில்லை, அவள் வைத்திருந்தாள்.

1986இல் நுரையீரலுக்குள் வளைந்து போகும் குழாய்க் கருவி மருத்துவமனைக்கு வந்தது. அதன் வழியாக உப்புநீரை உள்ளே விட்டு, நுரையீரலைக் கழுவி, உறிஞ்சி எடுப்பார்கள். அந்த நீரில் இருக்கும் பொருள்களை அளப்பது எளிது. ஆனால் கிளாஸ் நிறைய வரும் நீரில் நுரையீரலின் சொந்த ஈரம் எவ்வளவு, நாம் ஊற்றியது எவ்வளவு? அதற்கு ஒரு வழி அப்போது புதிதாகப் பேசப்பட்டது. யூரியா மிகச் சின்ன மூலக்கூறு. இரத்தத்திலும் நுரையீரலின் ஈரத்திலும் ஒரே அளவில் இருக்கும். எனவே இரத்தத்தில் இருப்பதையும் கழுவிய நீரில் இருப்பதையும் அளந்தால், எத்தனை மடங்கு நீர்த்துப்போயிருக்கிறது என்று தெரியும். இதை நான் அவளுக்கு விளக்கத் தொடங்கிப் பாதி தாண்டவில்லை.

"சால்னாவுல எவ்வளவு தண்ணி ஊத்துனாங்கன்னு உப்ப வெச்சு கண்டுபுடிக்கிறது. இதுக்கு இவ்வளவு பேஜாரா?"

யூரியாவுக்கான கரைசல் சேர்த்துக் கொதிக்கவைத்தால் ரோஜா நிறம் வரும். நிறம் கூடினால் யூரியா கூடுதல். இரண்டு மாதம் அளந்தோம். கணக்கு ஒன்றுக்கொன்று ஒட்டவில்லை. ஒரே நோயாளிக்கு இரண்டு முறை எடுத்தால் இரண்டு விடை வந்தது. நான் கரைசலைச் சந்தேகப்பட்டேன், கருவியைச் சந்தேகப்பட்டேன். மஹ்பூபி குழாய்களை வெளிச்சத்துக்கு நேரே வரிசையாக வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"ரோஸ் கம்மியா கீறது எல்லாம் யாரு எடுத்தது?"

பார்த்தேன். எல்லாம் டாக்டர் மனோரமா எடுத்தவை. நிறம் கூடுதலாக இருந்தவை டாக்டர் பரந்தாமன் எடுத்தவை. மனோரமா இளையவர், ஊற்றி உடனே உறிஞ்சிவிடுவார். பரந்தாமன் நிதானம்.

மறுநாள் மஹ்பூபி எங்கள் நிறுத்துக் கடிகாரத்தோடு அந்த அறைக்கே போய் நின்றுகொண்டாள். திரும்பி வந்து சொன்னாள். "சார் தண்ணிய உள்ள விட்டுட்டு பேஷண்ட்டுக்கு தைரியம் சொல்றாரு. ரெண்டு நிமிசம் சொல்றாரு. அதுக்குள்ள ரத்தத்துலருந்து யூரியா கசிஞ்சு வந்து தண்ணியில சேந்துடுது. சால்னா அடுப்புலயே கீதுன்னு வெச்சுக்கோ, உப்பு ஏறிக்கினே போகுதில்ல."

டாக்டர் பரந்தாமனிடம் நேராகவே சொன்னாள். "சார், ஊத்துனதும் எத்தனை நிமிசம் உள்ள இருந்துச்சுன்னு நாம யாரும் கேக்கல. மறுபடியும் ஒரு கேள்வி விட்டுப்போச்சு."

"மறுபடியும் கடுக்காயா?" என்றார் அவர்.

"இல்ல சார். இந்த வாட்டி கடுக்கா நீங்க."

அடுத்த ஒன்றரை ஆண்டு அதையே அளந்தோம். அரை நிமிடம், ஒரு நிமிடம், இரண்டு நிமிடம் என்று நீரை உள்ளே நிறுத்தி, ஒவ்வொன்றிலும் யூரியா எவ்வளவு ஏறுகிறது என்று. அவள் சொன்னபடியே ஏறியது. நேரத்தைக் குறிக்காமல் இந்த முறையை நம்பக்கூடாது என்று கட்டுரை எழுதி ஒரு மருத்துவ இதழுக்கு அனுப்பினோம். அனுப்பும் முன், எங்களுக்குத் தோன்றிய எல்லாக் கேள்விகளையும் அவள் ஒரு தாளில் எழுதவைத்து, ஒவ்வொன்றாக அடிக்கச் சொன்னாள். பதினேழு கேள்விகள். பதினேழையும் அடித்த பிறகுதான் தபால்பெட்டிக்கு விட்டாள்.

இந்த ஜனவரியில் இதழிலிருந்து கடிதம் வந்தது. ஏற்றுக்கொண்டார்கள். மூன்று பெயர்கள், இந்த முறை அவளுடையது இரண்டாவது. அதை முடிவு செய்ததும் டாக்டர்தான். ரஷீத் அஹமது இருந்திருந்தால் உறை வாங்கியிருப்பார். அவர் போய் நான்கு வருடம். மஹ்பூபி கடிதத்தை வாங்கி வாசித்து, பெயருக்கு அடியில் கோடு போடவில்லை. "இதுக்கு எதுக்கு கோடு, பேருதான் கீதே" என்றாள். செண்பகத்தை அனுப்பி எல்லோருக்கும் டீ வரவழைத்தாள். பக்கத்து அறைப் பூச்சிக்காரர்களுக்கும் சேர்த்து.

ஒரே ஒரு திருத்தம் கேட்டிருந்தார்கள். தெரிந்த அளவு யூரியாவை வைத்து நிறத்தை அளந்து வரைந்த கோட்டுப்படம் அச்சுக்குத் தெளிவாக இல்லை. டிரேசிங் தாளில் இந்திய மையால் வரைந்து அனுப்ப வேண்டும். அதை நான் தொடக்கூடாது என்று சொல்லிவிட்டாள். பொட்டு வைத்துவிடுவேனாம்.

நேற்று முன்தினம், செவ்வாய் மாலை, படத்தின் அச்சுக்கோடுகளையும் எண்களையும் முடித்து, பென்சிலால் ஏழு புள்ளிகளைக் குறித்து, ஒவ்வொன்றாக மை வைத்துக்கொண்டிருந்தாள். ஆறாவது வைத்தபோது காட்பாடிக்குப் போகும் பஸ்ஸின் நேரமாகிவிட்டது. ஆம்பூர் ரயிலை விட்டால் தில்ஷாத்துக்கு மருதாணி வைக்க முடியாது. பேனா முனையைத் துடைத்து மூடினாள். "மை காயட்டும். யாரும் தொடாதீங்க, சனிக்கிழமை வந்து முடிச்சிடுறேன்" என்று செண்பகத்திடம் சொல்லிவிட்டு, பையில் இரண்டு மாதிரி பாட்டில் இருக்கிறதா என்று தடவிப் பார்த்துக்கொண்டு போனாள்.

அந்தத் தாள் அவள் மேசைக் கண்ணாடியின் கீழ் இருக்கிறது. ஆறு புள்ளிகள் மையில், கடுகளவு. ஏழாவது பென்சிலில் இருக்கிறது.